வெந்நீர்ப் பெட்டியில் இட்லி மாவு

"மாவுங்கறேன், மாவு! இதென்ன இட்லிச் சட்டியா? வெந்நிப் பொட்டிக்குள்ள எந்த ஊட்டுலயாச்சும் மாவை ஊத்துவாங்களா?"

நானூற்று மூன்றாம் வீட்டு மருதாசலம் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக நடைபாதையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மார்கழி மாதம், காலை ஆறரை மணி. அவருக்குப் பின்னால் நாலாம் மாடியே துண்டோடு நின்றது.

"சத்தம் போடாதீங்ணா. முந்தாநேத்து ராத்திரி மேல வெச்ச மாவு பொங்கி ஊத்திருச்சு. நம்மூட்டுக்காரி கொஞ்சம் கவனக்கொறை. மன்னிச்சுக்கோங்" என்றான் நானூற்று ஏழாம் வீட்டு சம்பத்குமார். நூல் மில் எந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கிறவன். அந்தக் குளிரிலும் இஸ்திரி போட்ட சட்டை. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"நேத்துப் பகல்ல இருந்து பச்சத் தண்ணிங்! எம்பட மாமியாருக்கு நெஞ்சுச் சளி!" என்றாள் இன்னொருத்தி.

பெட்டிக் கம்பெனி மெக்கானிக் செந்தூரன் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து வெள்ளையாய் ஒரு கரண்டி வழித்து எடுத்தான். புளித்த வாசனை நடைபாதை வரைக்கும் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியான நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே.

"ஏன் அம்மிணி, பொட்டிக்குள்ளயே ஊத்திட்டா இட்லி தானா வெந்து வந்துரும்னு நெனச்சியா?" என்று கேட்டேன்.

சம்பத்தின் முதுகுக்குப் பின்னால் நின்ற அவன் பெண்டாட்டி சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. பேருந்து நிற்காமல் போகும்போது நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. அப்போது எனக்கு அது புரியவில்லை. ராங்கிக்காரி என்றுதான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அன்று மத்தியானத்துக்குள் 'ஏ' பிளாக் வரைக்கும் சொல்லிவிட்டும் வந்தேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் வராதவர்களுக்காக இந்தப் பெட்டிச் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரிலுள்ள கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரே கொட்டகையில் அடுக்கி, சூடு தணியத் தண்ணீரும் குளிரூட்டியும் கொடுத்து மாளாமல், வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். சமையலறைச் சுவரோடு ஒட்டி, பீரோவில் பாதி உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் யார் யாருடைய வேலையோ ஓடும். அந்தச் சூட்டில் நம் வீட்டுக்கு வெந்நீர் சும்மா. ஒரு மாடியின் பெட்டிகளெல்லாம் ஒரே குழாயில் கோத்திருப்பதால், ஒன்று உள்ளே நனைந்து கெட்டால் வரிசை முழுக்கத் தானாக அடைத்துக்கொள்ளும். அதுதான் அன்றைய துண்டு மாநாடு.

நம் பெண்களுக்குச் சூடாக ஓரிடம் கிடைத்தால் விடுவார்களா? பெட்டியின் தலையில் காற்றுப் போகிற வாய் இருக்கிறது. குளிர்காலத்தில் மாவு புளிக்காது என்று இரவு எட்டு மணிக்கு மாவுச் சட்டியை அதன் ஓரத்தில் ஏற்றுவோம், காலை ஐந்தரைக்கு இறக்குவோம். கம்பெனி ஒப்பந்தத்தில் கூடாது என்றுதான் போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தை யார் படித்தார்கள்?

படித்த ஒரே ஆள் மூன்றாம் மாடி கோகிலவாணி. கம்பெனியின் அறுநூறு பெட்டிகளுக்கும் அவள்தான் காவல். வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, வீட்டைவிட்டு வெளியே வருவது தீபாவளிக்கும் தேர்தலுக்கும். முன்னூற்று இரண்டில் உட்கார்ந்து ஒரு கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டுவாள். படமில்லை, பொத்தானில்லை, எழுத்து மட்டும்தான். தட்டினால் எங்கோ ஒரு பெட்டி அணையும், எங்கோ ஒன்று எழும், எங்கோ ஒரு விசிறி அடங்கும். ஆளை அனுப்பாமல் வேலையை முடிப்பதில் கெட்டிக்காரி என்று கம்பெனி இரண்டு தடவை கேடயம் கொடுத்திருக்கிறது.

அன்று மூன்று மணிக்கு நான் ஒரு கிண்ணம் சந்தகை, அதாவது எங்கள் ஊர் இடியாப்பம், எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சந்தகை ஒரு சாக்கு. செத்த பெட்டியின் கதை என்ன, அபராதம் உண்டா, சம்பத் வீட்டில் சண்டை உண்டா என்று தெரிய வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தவள் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. "பாக்கியக்கா, உள்ள வாங்க. உங்ககிட்டத்தான் ஒண்ணு கேக்கோணும்" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"பொட்டி செத்துப்போச்சுன்னா நீ ஏங் கண்ணு இப்படி இருக்கே?"

"பொட்டி சாகறப்ப கடைசியா என்ன நடந்துச்சுன்னு உள்ள இருக்கற சின்னது எழுதி வெச்சிருக்குதுக்கா."

"எந்தச் சின்னது?"

"ஒவ்வொரு பொட்டிக்குள்ளயும் ரண்டு மூளை. பெருசு ஊரு வேலை செய்யும். பக்கத்துல நகத்தளவுக்கு ஒரு சின்னது. பெருசு தூங்கினாலும் செத்தாலும் சின்னது தூங்காது. சூடு எவ்வளவு, விசிறி சுத்துதா, மூடி தொறந்திருக்கா, எல்லாம் எழுதும். நான் பேசறது அதுங்கூடத்தான்." திரையைக் காட்டினாள். "செவ்வாக்கெழமை காலைல பத்து மணி பன்னண்டு நிமிசம். மூடி தொறந்துது. ஒரு நிமிசம் கழிச்சு உள்ள ஈரம். அப்பறம் மூடி மூடுச்சு. அதுக்கப்பறந்தான் பெருசு செத்துது."

"சரி, அதனால?"

"பொங்கற மாவு மூடியத் தொறக்குமாக்கா? கொக்கிய அழுத்தித் தூக்கோணும். ஊத்திப்போட்டு மறுபடி யாரு மூடுனாங்க?"

நான் சந்தகைக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "வேணும்னேவா?"

"இன்னொண்ணும் இருக்குது" என்று அவள் திரையை மேலே மேலே ஓட்டினாள். "நம்ம பிளாக்குல எல்லா ஊட்டுலயும் ராத்திரி எட்டுக்குமேல சூடு நாலு டிகிரி ஏறும். அது மாவுச் சட்டி. எனக்குத் தெரியும், கண்டுக்கறதில்ல. ஆனா நானூத்தி ஏழுல மட்டும் பகல் பத்து மணிக்கு ஏறுது. நாலு இல்ல, பதினெட்டு டிகிரி. மேல கெட்டியா எதையோ போட்டு மூடுனாத்தான் அப்படி ஏறும். இருவது நிமிசம் கழிச்சு எறங்கிருது. மூணு மாசத்துல அறுவத்தியோரு தடவை. ஞாயித்துக்கெழமை மட்டும் ஒண்ணுகூட இல்ல."

"ஞாயித்துக்கெழமை அவன் ஊட்டுல இருப்பான்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. ஒன்பதரைக்கு அவன் கிளம்புவதை நான் தினம் பார்க்கிறேன். கதவுக்கு வெளியே நின்று இரண்டு சுற்றுப் பூட்டுகிறான். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு பூட்டுகிறானே என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் வேலைக்குப் போகிறாள் போலும், அவனுக்கு முந்தியே கிளம்பிவிடுகிறாள் போலும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஒரு தடவை கொலுவுக்கு அழைக்கப் பத்து தடவை மணியடித்தேன். உள்ளே கொலுசுச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அன்றுதான் ராங்கிக்காரி என்று பட்டம் கட்டினேன். ஐப்பசியில் இரண்டு நாள் சுவரைத் தட்டினாள். படம் மாட்டுகிறாள் என்று நினைத்து, போதும் என்பதற்காக நானும் பூரிக்கட்டையால் திருப்பித் தட்டினேன். அதற்குப் பிறகு தட்டவில்லை.

"அவகிட்ட போன் இல்லியாக்கா?"

"பார்த்ததில்ல."

கோகிலவாணி நாற்காலியில் சரிந்தாள். "பொட்டி சூடானா விசிறி கத்தும், கம்பெனிக்குச் சேதி வரும், ஆளு வந்து கதவத் தட்டுவான். கதவத் தொறந்துதான் ஆவோணும். அவளுக்கு அதத் தவிர வேற வழி கெடைக்கல. அதான் தெனம் கூப்பிட்டிருக்கா. அது பலிக்காமத்தான் கடைசியா மாவ ஊத்தியிருக்கா."

"கூப்பிட்டா ஆளு வந்திருக்கோணுமே?"

"நான் அனுப்பலியே." அவள் திரையைப் பார்த்தே சொன்னாள். "மொதல்ல ரண்டு தடவை சேதி அவுங்க ஊட்டு நம்பருக்குப் போச்சு. அது அந்தாளு நம்பரு. அவரு கீழ வந்து கையெடுத்துக் கும்பிட்டு, 'மேடம், இதுக்கெல்லாம் ஆள அனுப்பாதீங், நம்மூட்டுக்காரி மாவுச் சட்டிய எடுக்க மறந்தர்றா, அங்கிருந்தே பாத்துக்கோங்'ன்னாரு. அதே வாரம் நீங்க வந்தீங்க."

"நானா?"

"மறந்துட்டீங்களா? 'பத்து மணியானா பக்கத்தூட்டுப் பொட்டி ரைஸ்மில்லு மாதிரி கத்துது, சீரியல்ல ஒரு வசனம் காதுல விழறதில்ல'ன்னு கேசரி கொண்டாந்தீங்க."

கொண்டுபோனேன். முந்திரி கூட அதிகம் போட்டேன்.

"அதுக்கு நாலு வரி எழுதி வெச்சேன்க்கா. நானூத்தி ஏழு சூடானா, விசிறி கத்தறதுக்கு முந்தியே கரண்ட்டக் கொறை, வேலைய மத்த பொட்டிக்குத் தள்ளு, பதிவ அழி, யாருக்கும் சேதி போடாதே. ரொம்ப அழகா ஓடுச்சு. கேடயம் குடுத்தாங்க. நான் அதுக்கப்பறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. இப்பப் பாக்கறது கம்பெனிக் கணக்குல இருக்கற நகலு." திரையில் அந்த நாலு வரியை விரலால் தொட்டாள். "அவ வாய மூடறதுக்கு நாலே வரிதான் ஆச்சு."

நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். "சரி, இப்பவே போயிக் கதவத் தட்டுவோம்."

"நாம நெனைக்கறது தப்பா இருந்தா? சென்சார் சொல்றத வெச்சு ஊட்டு விசயத்துல தலையிடக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். மொதல்ல அவளக் கேப்போம்."

"எப்படிக் கேப்பே?"

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

அன்றிரவு குடியிருப்போர் சங்கச் செயலாளரான என் வீட்டுக்காரர் ஆறுச்சாமியிடம் சொன்னேன். "அடுத்தவன் குடும்ப விவகாரம். நமக்கெதுக்கு?" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஊர்க் கதையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்தான். காரியம் என்று வந்தால் மட்டும் அடுத்தவன் குடும்பம்.

மறுநாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமை சம்பத் ஈரோட்டுப் பக்கம் மில்களுக்குப் போவான். ஒன்பதரைக்கு இரண்டு சுற்று பூட்டும் சத்தத்தைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

கோகிலவாணி அந்த நாலு வரியை ஏற்கெனவே நீக்கியிருந்தாள். செந்தூரன் புதன்கிழமையே புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போயிருந்தான். பத்து மணி ஆனது. திரையில் நானூற்று ஏழுக்கு நேரே எண் மாறவில்லை. பத்து ஐந்து. பத்து பத்து.

"நேத்தைக்குத் திட்டு வாங்குனதுல விட்டுப்போட்டாளோ?" என்றேன்.

"இருங்க."

பத்து பதினான்குக்கு எண் ஏறத் தொடங்கியது. இருபத்தொன்பது. முப்பத்து மூன்று. நாற்பது. மேலே என் வீட்டுப் பக்கம் விசிறி கத்துவது மூன்றாம் மாடி வரை கேட்டது. மூன்று மாதமாகக் கேட்காத சத்தம்.

"பொட்டி முகப்புல ஒரு நீல வெளக்கு உண்டு. மெக்கானிக்குக்கு எந்தப் பொட்டின்னு அடையாளம் காட்ட. இங்கிருந்து எரிய வைக்கலாம்" என்று சொல்லி ஒரு வரி தட்டினாள். "இப்ப எரியுது." இன்னொரு வரி. "அணைஞ்சிருச்சு." அப்படியே மூன்று தடவை.

ஒன்றும் நடக்கவில்லை. சூடு மட்டும் இறங்கியது. மேலே போட்டிருந்ததை எடுத்துவிட்டாள் போல.

பிறகு திரையில் ஒரு வரி வந்தது. கோகிலவாணி வாசித்தாள்: "மூடி தொறந்துச்சு." அடுத்தது: "மூடுச்சு." அடுத்தது: "தொறந்துச்சு."

மூன்று தடவை. அதோடு நின்றது.

அவள் விளக்கை இரண்டு தடவை காட்டினாள். மூடி இரண்டு தடவை திறந்தது. அவள் ஐந்து காட்டினாள். ஐந்து.

எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான் இத்தனை நாளும். அவள் சுற்று வழியாக எங்கெங்கோ கம்பியில் போய் மூன்றாம் மாடிக்கு வந்து பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்குது. பொட்டி முழுசா அணைஞ்சு, ஊட்டுக்காரரு ஒரு மணி நேரத்துல வந்து தொறக்கலைன்னா, தீ அபாயம்னு சங்கத்து மாத்துச்சாவியில தொறக்கலாம். செவ்வாக்கெழமை அந்தாளு மறுநா காலைல தொறந்து உடறேன்னாரு, நானும் சரின்னு விட்டுட்டேன். நல்லா ஓடற பொட்டிய நான் இப்ப அணைக்கப் போறேன். அதுல யாரோட வேலை ஓடுதோ, அது நின்னுரும். யாரு அணைச்சாங்கன்னு எம்பேரோட பதிவாகும்."

"அந்தப் பதிவ அழிச்சர்லாமில்ல? அதான் அழிப்பியே?"

"அழிக்கத் தெரியும்" என்றாள். "அறுவத்தியோரு தடவை அழிச்சாச்சு." தட்டினாள். நானூற்று ஏழு அணைந்தது.

ஐந்து நிமிடத்தில் ஆறுச்சாமியின் போன் அலறியது. சம்பத் ஈரோட்டிலிருந்து. நான் மாடியேறி வந்தபோது அவர் நடைபாதையில் நின்று "ஆமாங்… சரிங்… ஆகட்டுங்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். போனை மூடிவிட்டு, "அவரு வந்துட்டிருக்காராமா. அதுவரைக்கும் ஒருத்தரும் தொறக்கக் கூடாதுங்கறாரு. ரண்டு மணி நேரமாவுமாம்" என்றார்.

"ஒப்பந்தத்துல ஒரு மணி நேரந்தான்."

"நீ எப்ப ஒப்பந்தம் படிச்சே?"

"இன்னிக்கு."

பதினொன்றரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நான் சமையலறைக்குப் போனேன். செயலாளர் வீடு என்பதால் மாடியின் மாற்றுச் சாவிகள் எங்கள் வீட்டில்தான் இருக்கும். கிரைண்டருக்கு மேலே ஆணியடித்துக் கோத்திருக்கிறோம். தினம் மாவாட்டும்போது என் நெற்றிக்கு நேரே ஆடும். அதில் ஏழாவது வளையம் நானூற்று ஏழு. மூன்று மாதமாக.

"பாக்கியம், வேண்டாம்! நாளைக்குப் பேச்சு வரும்" என்றார் ஆறுச்சாமி.

"பேச்சுக்கு நானே இருக்கறேன். தள்ளுங்."

கதவைத் திறந்தேன். மருதாசலம், சளிக்கார மாமியார், எல்லோரும் பின்னால் நின்றார்கள். சுகந்தி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. முடிச்சு அழுக்கேறி இறுகியிருந்ததைப் பார்த்தால், அது இன்றைக்குக் கட்டிய பை இல்லை. மணிக்கட்டுக்கு மேலே பழைய காயம் ஒன்றும் புதுக் காயம் ஒன்றும் இருந்தன.

"ஏன் அம்மிணி, நேத்துக் காலைல இத்தன பேரு நின்னமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று மருதாசலம் கேட்டார்.

"எல்லாரும் என்னையத்தானுங்களே திட்டீட்டிருந்தீங்க" என்றாள் சுகந்தி.

அப்புறம் அவள் யாரையோ தேடுகிற மாதிரி எங்கள் முகங்களைப் பார்த்தாள். "அந்த வெளக்கப் போட்டது யாருங்?"

தீபாவளியும் இல்லை, தேர்தலும் இல்லை. கோகிலவாணி படியேறி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் கையைக் காட்டினேன்.

"மொதல்ல நல்லாக் கத்துச்சுங்க்கா" என்று சுகந்தி அவளிடம் சொன்னாள். குறை சொல்கிற குரல் இல்லை, விவரம் சொல்கிற குரல். "பொறவு கத்தறத நிறுத்திருச்சு. எவ்வளவு மூடுனாலும் சத்தமே வரல. யாரோ காதப் பொத்திக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

கோகிலவாணி கீழே உட்கார்ந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். சம்பத்தின் கார் வந்து சேர்வதற்கு முன் இருவரும், அணைந்த பெட்டியைப் பார்க்க வந்த செந்தூரனின் கம்பெனி வண்டியில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார்கள். சம்பத் வந்து எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டான். அன்று யாரும் திருப்பிக் கும்பிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றிரண்டு. கோகிலவாணிக்கு வேலை போனது, இரண்டே வரிக் கடிதத்தில். ஓடுகிற பெட்டியைக் காரணமின்றி அணைத்ததாக. காரணத்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள், படிக்க ஆள் இல்லை. அடுத்த தையில் அவளுக்கும் செந்தூரனுக்கும் மருதமலையில் கல்யாணம். அறுபத்தோரு தடவை அனுப்பாத மெக்கானிக்கை நிரந்தரமாக வீட்டுக்கே கூட்டிக்கொண்டாள் என்று நான் பந்தியில் சொன்னதற்கு அவள் மாமியார் சிரிக்கவில்லை, அவள் சிரித்தாள். இப்போது கிணத்துக்கடவில் இருக்கிறார்கள். சுகந்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விவாகரத்து ஆகிவிட்டது. சம்பத்குமார் ஓசூர் போய்விட்டான். அங்கே மறுபடி பெண் பார்க்கிறானாம். யார் வீட்டில் என்று விசாரித்துவிட்டேன், சொல்ல வேண்டியதை அவர்களிடம் சொல்லியும்விட்டேன்.

கம்பெனி கோகிலவாணி இடத்துக்கு ஆளே போடவில்லை. எல்லாவற்றையும் அந்த மாதிரி நாலு வரிகளே பார்த்துக்கொள்கின்றனவாம். பெட்டிகளையும் மாற்றிவிட்டார்கள். புதுசில் விசிறி இல்லை, எண்ணெயில் முங்கி இருக்கிறது. மூடி இல்லை, நீல விளக்கு இல்லை. என்ன செய்தாலும் சத்தம் வராது. மாடியே அமைதியாக இருக்கிறது, எனக்குத்தான் பத்து மணியானால் உட்கார முடியவில்லை.

நானூற்று ஏழுக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு புது ஜோடி வந்தது. தினம் பத்து மணிக்கு ஒரு வெறும் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் மணியடிப்பேன். ஒரு நாள் சர்க்கரை, ஒரு நாள் காப்பித்தூள். அந்தப் பெண் மூன்றாவது மணிக்குத்தான் திறக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டே திறக்கும், கையில் போன் இருக்கும். நான் அதை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

அடுத்த மாதம் அவர்கள் காலி செய்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பொம்பளை தொல்லை தாங்கவில்லையாம், லிஃப்டில் காதில் விழுந்தது. போகட்டும். போகிற இடத்தில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வைக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன்.